சந்தேகச் சீட்டின் கீழ்ப்பாதி

ராகவன் சார் பொய் எழுதியிருக்கிறார்.

எங்கள் கம்பெனியில் வேலை பார்த்த பழைய ஆட்கள் சேர்ந்து இந்த வருஷம் ஒரு மலர் போட்டார்கள். அதில் முன்னாள் புரொடக்‌ஷன் மேனேஜர் என்ற முறையில் அவர் நாலு பக்கம் எழுதியிருக்கிறார். மூன்றாம் பக்கத்தில் இப்படி வருகிறது: “கோவளம் பக்கத்துக் குப்பத்திலிருந்து வந்த ஒரு பெண் ஆபரேட்டர், பிரெஞ்சு ஒரு வரி தெரியாமல், அதிகப்பிரசங்கித்தனமாகப் பத்து வாக்கியங்களைத் திருத்திவிட்டார். ஒரு இலக்கணப் புத்தகமே பாழானது. நான் மன்னிப்புக் கேட்டு அந்த வேலையைக் காப்பாற்றினேன்.”

பெயர் போடவில்லை. போடத் தேவையும் இல்லை. கோவளத்துக் குப்பத்திலிருந்து எங்கள் மாடிக்கு வந்தவள் ஒருத்திதான். அமுதா. அவளோடு வேலை பார்த்த அத்தனை பேருக்கும் அது யாரென்று தெரியும்.

மலர் போட்ட பிள்ளைகள் என்னிடமும் கட்டுரை கேட்டிருந்தார்கள். எனக்கு எழுத வராது என்று சொல்லிவிட்டேன். இப்போது எழுதுகிறேன். ஒரு எழுத்தும் மாற்றாமல் போட வேண்டும். எழுத்தை மாற்றாமல் அடிப்பது எப்படி என்று அந்தப் பிள்ளைகளில் பாதிப் பேருக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான்.

என் பெயர் தனலட்சுமி. அஸ்தினாபுரத்தில் வீடு. டைப்ரைட்டிங் ஹையர் பாஸ். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு வக்கீல் ஆபீஸ், அப்புறம் ஒரு லாரி ஆபீஸ், கடைசியாக இந்தக் கம்பெனி. மூன்று மாசம் பயிற்சி கொடுத்தார்கள். அதில் கற்றது ஒரே பாடம்: விரலைப் பார்க்காதே, காப்பியைப் பார். காப்பி என்றால் எதிரே கிளிப்பில் மாட்டியிருக்கும் அச்சுப் பக்கம். ஐந்து வருஷத்தில் என்னை சூப்பர்வைசர் ஆக்கினார்கள்.

வேலை இதுதான். வெளிநாட்டில் பல வருஷம் முன்பு அச்சான புத்தகங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். சானடோரியம் ஸ்டேஷனிலிருந்து நடக்கும் தூரத்தில் மூன்று மாடிக் கட்டடம். எங்களுடையது இரண்டாம் மாடி. செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே போனால், ஏ.சி. குளிருக்குத் துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு நாற்பது பெண்கள் உட்கார்ந்து அடித்துக்கொண்டிருப்பார்கள். ஒரே பக்கத்தை இரண்டு பேர் தனித்தனியாக அடிப்பார்கள். ஒருத்தி இந்த ஓரம், மற்றவள் அந்த ஓரம். பேசிக்கொள்ளக் கூடாது. இரண்டு பேர் அடித்ததையும் கம்ப்யூட்டர் ஒப்பிட்டுப் பார்த்து, எங்கே வித்தியாசம் வருகிறதோ அந்த இடத்தைக் காட்டும். மூன்றாவதாக ஒருத்தி அச்சுப் பக்கத்தைப் பார்த்து எது சரி என்று முடிவு செய்வாள். இதற்குப் பெயர் டபுள் கீயிங். மொழி தெரிந்திருக்கத் தேவையில்லை. தெரியாமல் இருப்பது நல்லது என்றுகூடச் சொல்வார்கள். தெரிந்தவனுடைய கண் எழுத்தைத் தாண்டி முந்தி ஓடிவிடும். தெரியாதவன் எழுத்து எழுத்தாகப் பார்ப்பான்.

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் பாரிசிலிருந்து முதல் பிரெஞ்சுப் புத்தகம் வந்தது. அதைப் பிடித்துவந்தவர் ராகவன் சார். அந்தப் பெருமையை நான் பிடுங்க மாட்டேன். அவர் மாடிக்கு வரும் விதமே தனி. உட்கார மாட்டார். பேனாவின் மூடியால் மானிட்டர் தலையில் இரண்டு தட்டு தட்டி, “லேடீஸ்” என்பார். கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும். காதை நீட்டிக்கொண்டு கேட்க வேண்டும். அவர் மெதுவாகப் பேச ஆரம்பித்தால் யாருக்கோ வேலை போகப் போகிறது என்று எங்களுக்குத் தெரியும்.

முதல் பிரெஞ்சுப் புத்தகம் எங்களைத் திணறடித்தது. தலையில் கோடு போட்ட எழுத்துகளைப் பழகிக்கொண்டோம். பெரிய சொற்களில் தப்பே வரவில்லை. தப்பு வந்ததெல்லாம் சின்னச் சொற்களில்தான். பிரெஞ்சில் ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் முன்னால் ஒரு குட்டிச் சொல் நிற்கும். எல்.இ. என்று ஒன்று, எல்.ஏ. என்று ஒன்று, டி.இ.எஸ். என்று ஒன்று. அதையெல்லாம் எப்படி உச்சரிப்பது என்று எங்களுக்கு இன்றுவரை தெரியாது. எழுத்துக்கூட்டியே சொல்வோம். இவை ஒன்றுக்கொன்று ஓரிரு எழுத்துதான் வித்தியாசம். கண் சறுக்கிவிடும். சில நேரம் இரண்டு பேருக்குமே ஒரே இடத்தில் சறுக்கும். இரண்டு பேரும் ஒரே தப்பைச் செய்தால் கம்ப்யூட்டர் எப்படிக் காட்டும்? பாரிசிலிருந்து கட்டு கட்டாகத் திரும்பி வந்தது.

நான் ஒரு நோட்டு போட்டேன். அடித்த பக்கங்களை எடுத்து வைத்துக்கொண்டு, எந்தச் சொல்லுக்கு முன்னால் எது நிற்கிறது என்று குறித்தேன். பழைய புத்தகக் கடையில் ஒரு பிரெஞ்சு அகராதி வாங்கினேன். தமிழில் மேசை என்றால் மேசை, அவ்வளவுதான். அவர்களுக்கு மேசை பெண், புத்தகம் ஆண். பெண்ணுக்கு எல்.ஏ., ஆணுக்கு எல்.இ. பலபேர் என்றால் இன்னொன்று. அது பிடிபட்ட பிறகும் ஒரு சங்கடம் இருந்தது. நடுவில் ஒரு உரிச்சொல் வந்து நின்றால் சில இடத்தில் முன்னால் நிற்கிற குட்டிச் சொல்லே மாறிவிடுகிறது. ‘வீடுகள்’ என்று மட்டும் வந்தால் டி.இ.எஸ். முன்னால் ‘அழகான’ என்று ஒன்று வந்து நின்றால் எஸ் போய்விடும், வெறும் டி.இ. ஆனால் ‘வெள்ளை’ என்றால் எஸ் போகாது. ஏன் என்று ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். பிறகு தெரிந்தது, நிறமெல்லாம் வீட்டுக்குப் பின்னால் போய் நிற்கிறது. அழகு, பெரிசு, சிறிசு, நல்லது, பழசு, இளசு என்று ஒரு சில மட்டும்தான் முன்னால் வருகின்றன. முன்னால் வந்தால்தான் மாற்றம்.

இதை ஒரு சார்ட் பேப்பரில் எழுதி மாடிச் சுவரில் ஒட்டினேன். யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. காலேஜ் வாசலை மிதிக்காதவள் நான். அடித்த பக்கத்தை வைத்தே கண்டுபிடித்தேன். இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன்.

அமுதா அப்போது புதுசு. அப்பாவும் அண்ணனும் கடலுக்குப் போகிறவர்கள், அம்மா மீன் விற்கிறவர். பிளஸ் டூ முடித்து, கேளம்பாக்கத்தில் டைப்பிங் படித்துவிட்டு வந்தவள். இரண்டு பஸ் மாறி எட்டு மணிக்கு முன்னால் வந்துவிடுவாள். அவள் என் சார்ட்டைப் பார்த்து ஒரே நாளில் பெயர் வைத்தாள்.

“இது டோக்கனுக்கா. பொருளுக்கு முன்னாடி டோக்கன் குடுத்துடுறான். ஆம்பளைக்கு ஒண்ணு, பொம்பளைக்கு ஒண்ணு, கூட்டத்துக்கு ஒண்ணு. நடுவுல எவனாவது பூந்தான்னா டோக்கனை மாத்திக் குடுக்குறான்.”

அன்றிலிருந்து மாடி முழுக்க டோக்கன்தான். ஒரு நாள் அகராதியைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “அக்கா, கடலு பொம்பளையாம், படகு ஆம்பளையாம். கரெக்டாத்தான் வச்சிகிறான். எங்க வூட்லயும் ஆம்பளைதான் எப்பப் பாத்தாலும் தண்ணியில ஆடிக்கினு கீது.”

பக்கத்தில் இருந்த பெண்கள் சிரித்த சிரிப்பில் ராகவன் சாரே கேபினை விட்டு எட்டிப் பார்த்தார்.

சார்ட் எதற்கு என்பதில் நான் கறாராக இருந்தேன். திருத்துவதற்கு அல்ல. டோக்கனும் பொருளும் ஒத்துவரவில்லையா, அச்சுப் பக்கத்தை இன்னொரு தரம் பார். அச்சிலேயே அப்படித்தான் இருக்கிறதா, அப்படியே அடி. அடித்துவிட்டு சந்தேகச் சீட்டு எழுது. சந்தேகச் சீட்டு என்பது கார்பன் வைத்த சின்னப் புத்தகம். மேல் பாதியில் ஆபரேட்டர் பக்கம், வரி, சந்தேகம் எழுதிக் கையெழுத்துப் போடுவாள். கீழ்ப்பாதியில் நான் பதில் எழுதுவேன். அசல் கட்டோடு போகும். கார்பன் என் ஃபைலில் இருக்கும். பிரெஞ்சுக்காரன் தப்பே செய்திருந்தாலும் அது அவன் புத்தகம். நமக்குக் கை வைக்க உரிமை இல்லை. இதை நான் தினம் சொன்னேன்.

அடுத்த வருஷமே சின்னச் சொற்களுக்காகப் பக்கங்கள் திரும்பி வருவது நின்றுபோனது. பாரிசில் எங்கள் வேலையைப் பார்த்துக்கொண்ட அம்மாள் பாராட்டிக் கடிதம் எழுதினார். ராகவன் சார் அதை மாடியில் வாசித்துக் காட்டினார். வாசித்துவிட்டு, “இது நம்ம லாங்குவேஜ் டீமுக்கு கிடைச்ச பாராட்டு” என்றார். அப்போது கம்பெனியில் லாங்குவேஜ் டீம் என்று ஒன்றே கிடையாது. நாங்கள்தான் இருந்தோம். அதற்கப்புறம்தான் பாரிசுக்கு “எங்களிடம் மொழி தெரிந்த எடிட்டர்கள் இருக்கிறார்கள்” என்று எழுதிக் கொடுத்து பெரிய வேலையாக வாங்கினார். வாங்கிய பிறகு மூன்றாம் மாடியில் பிரெஞ்சு படித்த இரண்டு பெண்களை உட்கார வைத்தார். அதில் ஒருத்தி நித்யா. நல்ல பெண். வந்த புதிதில் எங்கள் மாடிக்கு வந்து என் சார்ட்டைப் பார்த்துவிட்டு, “அக்கா, நான் இதைப் படிக்க ரெண்டு செமஸ்டர் ஆச்சு” என்றாள்.

அந்தப் பெரிய வேலையில் ஒன்றுதான் பள்ளிப் பிள்ளைகளுக்கான இலக்கணப் பயிற்சிப் புத்தகம். பாதிப் புத்தகம் டோக்கன் சமாசாரம்தான். எங்களுக்கு அது விளையாட்டு மாதிரி இருந்தது. ஒரு நாள் காலை பதினோரு மணிக்கு அமுதா கையைத் தூக்கினாள்.

“அக்கா, இங்க வாயேன். இன்னாக்கா இது, டோக்கன் எல்லாம் தப்புத் தப்பா கீது. ஒண்ணு ரெண்டு இல்ல, பத்து. ஆம்பளைக்கு பொம்பளை டோக்கன் குடுத்து வச்சிகிறான். இவனுங்களுக்கே அவனுங்க பாஷை தெர்லியா?”

பார்த்தேன். பக்கத்தின் தலையிலேயே பத்து வாக்கியங்கள். பத்திலும் தப்பு. எனக்கும் முதலில் புரியவில்லை. கட்டில் முந்தைய பக்கத்தை எடுத்துப் பார்த்தேன். அதன் அடியில் ஒரு வரி தனியாக நின்றது. அகராதியை வைத்துப் பார்த்ததில், கீழே உள்ள வாக்கியங்களில் உள்ள பிழைகளைக் கண்டுபிடி என்று அர்த்தம் வந்தது.

“இது வேணும்னே போட்ட தப்புடி. பசங்க கண்டுபிடிக்கணும்.”

“அடப்பாவி. நம்மள கலாய்க்கிறான்னு பாத்தேன்.”

“அப்படியே அடி. சீட்டு எழுது.”

எழுதினாள். பக்கம், வரி, பத்து இடம், ‘டோக்கன் தப்பு’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். கீழே நான் எழுதினேன்: ‘முந்தைய பக்கம் பார்த்தேன். பிழை கண்டுபிடிக்கும் பயிற்சி. காப்பிப்படி அடிக்கப்பட்டது. மாற்ற வேண்டாம்.’ என் கையெழுத்து. இரண்டாவது முறை அடித்தவளும் அப்படியே அடித்திருந்தாள். ஒப்பிட்டதில் அந்தப் பக்கத்தில் ஒரு வித்தியாசமும் வரவில்லை. கட்டு மூன்றாம் மாடிக்குப் போனது.

சில மாசம் கழித்து பாரிசிலிருந்து வந்தது புகார். புத்தகம் அச்சாகிவிட்டது. பிழை கண்டுபிடிக்கச் சொன்ன பயிற்சியில் பிழையே இல்லை. பத்து வாக்கியமும் சுத்தமாக இருந்தன. பின்பக்கத்து விடையில் மட்டும் பத்துப் பிழைகள் வரிசையாகக் கிடந்தன. பிரெஞ்சுப் பிள்ளைகள் இல்லாத தப்பைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

ராகவன் சார் அமுதாவையும் என்னையும் கேபினுக்குக் கூப்பிட்டார். குரல் மிக மெதுவாக இருந்தது. மேஜையில் ஒரு ஜெராக்ஸ் தாள்.

“இது உங்க கையெழுத்துதானே அமுதா?”

“ஆமா சார், என்னுதுதான்.”

“பத்து இடத்துல தப்புன்னு எழுதியிருக்கீங்க. தப்புன்னு தோணிச்சு, திருத்திட்டீங்க. நேச்சுரல். அந்த சார்ட்டை மாட்டுனதால வந்த வினை. யாரும் உங்களைத் திட்டப் போறதில்ல. ஒரு ஃபார்ம்ல சைன் பண்ணுங்க, ட்ரெயினிங் குடுத்தாச்சுன்னு எழுதி க்ளோஸ் பண்ணிடலாம்.”

“நான் திருத்தல சார். எழுதித்தான் குடுத்தேன். திருடன் போறான்னு கத்துனவளையே புடிச்சி வச்சிகினு கேக்குறீங்களே!”

நான் தாளைக் கையில் எடுத்தேன். மேல் பாதி மட்டும் இருந்தது.

“சார், கீழ்ப்பாதி எங்க?”

“ஜெராக்ஸ்ல கட் ஆயிருக்கும்.”

“அசல்?”

“தேடிட்டிருக்காங்க.”

நான் மாடிக்குப் போய் கார்பனையும், கம்ப்யூட்டர் ஒப்பிட்டுக் கொடுத்த ரிப்போர்ட்டையும் கொண்டுவந்தேன். “இங்க பாருங்க சார். ரெண்டு பேரு, ரெண்டு ஓரத்துல உக்காந்து, பேசிக்காம, பத்து இடத்துலயும் ஒரே மாதிரி திருத்துவாங்களா? ஒண்ணு நடக்கும். பத்து நடக்காது. எங்க மாடியை விட்டுப் போகும்போது தப்பு தப்பாவேதான் போச்சு” என்றேன். ரிப்போர்ட்டை வாங்கி வெகு நேரம் பார்த்தார். டிராயரைத் திறந்து உள்ளே வைத்துப் பூட்டினார். கார்பனுக்கும் கையை நீட்டினார். நான் கொடுக்கவில்லை.

அன்று மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் நித்யா படிக்கட்டில் என்னைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

“நான்தான் அக்கா மாத்தினேன். அந்தப் பக்கம் தனி கட்டா வந்துச்சு. முந்தின பக்கத்து அடியில இருந்த வரி என்கிட்ட வரவே இல்ல. கீழ் மாடியில தப்பா அடிச்சிட்டாங்கன்னு நெனச்சேன். சீட்டெல்லாம் பார்க்க வேண்டாம், டைம் வேஸ்ட்னு சார்தான் சொல்லியிருந்தார். நேத்தே அவர்கிட்ட போய்ச் சொல்லிட்டேன். நீ வாயத் திறக்காதேன்னுட்டார்.”

அந்தப் பெண் மேல் எனக்குக் கோபம் இல்லை. இருபத்திரண்டு வயசு. தான் படித்ததைக் காட்ட ஒரு இடம் கிடைத்தது, காட்டிவிட்டாள். தப்பை ஒப்புக்கொள்ள மேலே போய் நின்றாள். கோபமெல்லாம், ஒப்புக்கொண்டதை வாங்கி மறைத்துக்கொண்டவர் மேல்தான். மொழி தெரிந்த எடிட்டர்கள் என்று சொல்லித்தான் பாரிசில் வேலை வாங்கியிருந்தார். எடிட்டரே கெடுத்தார் என்றால் அந்தப் பேச்சு போய்விடும். சீட்டைப் பார்க்காதே என்று உத்தரவு போட்டவர் யார் என்ற கேள்வியும் வரும். குப்பத்திலிருந்து வந்த பெண் கெடுத்தாள் என்றால் ஒரு கேள்வியும் வராது. பிரெஞ்சு தெரியாதவள் என்றும் அவரே சொன்னார். அவளே பிரெஞ்சைத் திருத்தினாள் என்றும் அவரே சொன்னார்.

அந்த ஃபார்மில் மூன்று கையெழுத்து வேண்டும். ஆபரேட்டர், சூப்பர்வைசர், மேனேஜர். நான் மாடியில் இல்லாத நேரம் பார்த்து அமுதாவைக் கூப்பிட்டு, இங்கிலீஷில் இருந்த தாளில் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். நான் போட மாட்டேன் என்று மாடியில் நின்று எல்லார் காதிலும் விழச் சொன்னேன். வேலை போகும் என்றார். போகட்டும் என்றேன். போகவில்லை. எங்கள் மாடியில் பிரெஞ்சு அடிப்பதைப் பார்க்க என்னை விட்டால் அவருக்கு ஆள் இல்லை. என் இடத்தில் ‘சூப்பர்வைசர் விடுமுறையில்’ என்று எழுதி பாரிசுக்கு அனுப்பினார் என்று பிறகு தெரிந்தது. அந்த மாசம் நான் ஒரு நாள்கூட லீவு போடவில்லை.

பாரிசு அம்மாளுக்கு நானே நேராக எழுதியிருக்கலாம். எழுதவில்லை. எனக்கு இங்கிலீஷ் கடிதம் வராது, வீட்டில் இரண்டு பெண்கள் படித்துக்கொண்டிருந்தார்கள். அது என் தப்பு. அதை மறைக்க மாட்டேன்.

அமுதாவைப் பிரெஞ்சிலிருந்து எடுத்து, முகவரி அடிக்கிற வேலையில் போட்டார்கள். இரண்டு மாசம் இருந்தாள். “பேஜாரா கீதுக்கா. டோக்கன் இல்லாத வேலை எனக்கு வேணாம்” என்று சொல்லிவிட்டு நின்றுவிட்டாள். இப்போது கோவளத்தில் ஜெராக்ஸ் கடையும் டைப்பிங்கும் வைத்திருக்கிறாள். அவள் கடையில் அடித்த மனுவில் ஒரு எழுத்துப் பிழை காட்டுங்கள் பார்க்கலாம். என் மாடியில் பழகியவள்.

நான் அதற்கப்புறமும் பல வருஷம் வேலை பார்த்தேன். சார்ட்டைச் சுவரிலிருந்து எடுக்கச் சொன்னார்கள். எடுத்தேன். எல்லாப் பெண்களும் அதற்குள் மனப்பாடம் செய்திருந்தார்கள். சார்ட் பழகிய பிறகு, எங்கள் மாடியில் நடந்த தப்புக்காகப் பிரெஞ்சுப் பக்கம் எதுவும் திரும்பி வந்ததில்லை. இந்தப் பத்து வாக்கியம் உட்பட. அவை எங்கள் மாடியைத் தாண்டும்போது புத்தகம் எழுதியவன் போட்ட தப்போடு, ஒரு புள்ளி பிசகாமல் போயின.

இவ்வளவு வருஷம் நான் பேசவில்லை. அமுதாவே, “விடுக்கா, போனது போச்சு” என்றாள். இந்த மலர் வந்திராவிட்டால் இப்போதும் பேசியிருக்க மாட்டேன். ஆனால் அமுதாவின் மகள் பொத்தேரியில் காலேஜ் படிக்கிறாள். அவளோடு படிக்கிற ஒரு பெண்ணின் அம்மா எங்கள் கம்பெனியில் இருந்தவர். அந்த வீட்டில் மலரைப் படித்துவிட்டு வந்து, “அம்மா, பிரெஞ்சு புக்கைக் கெடுத்தது நீயா?” என்று கேட்டிருக்கிறாள். அமுதா எனக்கு போன் செய்தாள். அவள் அழுது நான் கேட்டது அதுதான் முதல் தடவை. கேபினில் நின்றபோதுகூட அழாதவள்.

ராகவன் சார், நான் எழுதப் போகிறேன் என்று தெரிந்ததும் இரண்டு முறை போன் செய்தீர்கள். எடுக்கவில்லை. தனியாகப் பேச என்னிடம் ஒன்றும் இல்லை. டிசம்பரில் தாம்பரம் மண்டபத்தில் எல்லாரும் கூடுகிறோம். தலைமை நீங்கள்தான் என்று அழைப்பிதழில் போட்டிருக்கிறது. கார்பனை நான் கொண்டுவருகிறேன். அமுதா வருகிறாள், மகளையும் கூட்டிக்கொண்டு. நித்யா நடந்ததை வெளிநாட்டிலிருந்து எழுத்தில் அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டாள். வணக்கம் சொல்லி முடித்ததும், வேறு பேச்சு ஆரம்பிக்கும் முன்னால், மைக்கைப் பிடித்து, வழக்கம்போல மெதுவாகப் பேசாமல் கடைசி வரிசைக்கும் கேட்கிற மாதிரி, அமுதாவின் மகள் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்: அந்தப் பத்து வாக்கியங்களை அவள் அம்மா திருத்தினாளா, இல்லையா?